பொலிஸ்காரர் எடுத்த கடைசி வழக்கு

என் மாமனார் பொலிஸ்காரர். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இந்த வாக்கியத்தைப் பெருமையோடு எழுதுவாள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவருக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பேன். பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டால் படலையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போன சனம் நாங்கள். இப்போது எழுதுகிறேன். பெருமையோடுதான் எழுதுகிறேன்.

அவர் மோஹாக் இனத்தவர். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இந்த நாட்டில் இருந்த மக்களில் ஒருவர். மொன்றியலிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஆற்றின் தென்கரையில் அவர்களுடைய ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கென்று இருக்கும் பொலிஸில் இளமையில் சேர்ந்து, தலை நரைத்த பிறகு ஓய்வு பெற்றவர். என் மகளுக்கு அவர் அப்பப்பா. எனக்கு மாமா. பெயர் சொல்லியே கூப்பிடு என்றார், என் வாய்க்கு அது வரவில்லை. மாமா என்றேன். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு தொலைபேசி எடுத்தால் "மாமா கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் அவர் பேச்சு என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவரை முதன்முதலில் சந்தித்தது ஓர் இரவுச் சாப்பாட்டில். என்னைக் கட்டப்போகிறவர் தன் பெற்றோரிடம் காட்டுவதற்காக என்னைக் கூட்டிப்போயிருந்தார். மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். மேசையில் கோழியும் சோளமும் ஆவி பறக்க இருந்தன. மாமா வேலையிலிருந்து நேரே வந்தார், சீருடையோடு, சப்பாத்தில் பனியோடு. எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார்:

"எங்க உன்ட ஊர்? உன்ட தாய் ஆர்?"

என் கை என்னைக் கேட்காமலே கைப்பைக்குள் போய், அடையாள அட்டையை எடுத்து, மேசையில் அவர் முன்னால் வைத்தது. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் சீருடை போட்டவன் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் அடுத்ததாகச் செய்ய வேண்டியது அதுதான். என்னைக் கூட்டிவந்தவர் மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தார்.

மாமா சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, தன்னுடைய பொலிஸ் அட்டையை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரி, ஆளை ஆள் சோதிச்சாச்சு. இனிச் சாப்பிடுவம்."

இந்த மனிதர் வளர்த்த பிள்ளை என்றால் கட்டலாம் என்று அந்த மேசையிலேயே முடிவெடுத்துவிட்டேன். உன் தாய் யார் என்று கேட்பது அவர்களிடையே விசாரணை இல்லை, வந்தவரை வரவேற்கும் முறை என்பது பிறகுதான் தெரிந்தது. மோஹாக் மக்களுக்குக் குலம் தாய் வழியாக வருவது. கரடி, ஓநாய், ஆமை என்று மூன்று. தாய் யார் என்று தெரிந்தால்தான் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியும்.

அவர் பொலிஸ் வேலை பார்த்ததும் அந்தக் கேள்வியை வைத்துத்தான். பாலத்துக்குக் கீழே பொடியன்கள் குடித்துவிட்டுக் கூத்தடித்தால் மாமா பெயர் கேட்க மாட்டார், விலங்கும் மாட்ட மாட்டார். "உன்ட தாய் ஆர்?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுப் போய் அந்தத் தாயின் வீட்டு வாசலில் பொலிஸ் காரை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். தாய் ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள், பெரியம்மாமார் வருவார்கள், கொஞ்ச நேரத்தில் குலமே வாசலில் நிற்கும். "மறியலில போடுங்க, அம்மாட வாசலுக்கு மட்டும் போகாதிங்க" என்று அவரிடம் கெஞ்சிய ஆட்கள் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டவர்கள். அவருடைய மரணச் சடங்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள்.

மாமியார் இறந்து, அவரும் ஓய்வு பெற்ற பிறகு, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து எங்களோடு இருந்தார். சீருடை போனாலும் ரோந்துப் பழக்கம் அவரை விடவில்லை. காலையில் எழுந்து மூன்று தெருவைச் சுற்றிவந்து, யார் வீட்டுப் படியில் பனி அள்ளவில்லை என்று எனக்கு அறிக்கை தருவார். என் படியையும் சேர்த்துத்தான்.

ஒருநாள் அவரோடு தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் புதியவர். நான் தேவையானதை எடுத்துக்கொண்டு நின்றேன், என்னை ஒருவரும் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. மாமா பின்வரிசைக்குப் போனதும் கடைக்காரர் கல்லாவை விட்டிறங்கி அவர் பின்னாலேயே நடந்தார். காலமெல்லாம் கள்வரைப் பிடித்த மனிதரை ஒரு பால் பெட்டிக்காகப் பின்தொடர்ந்து வேவு பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்காதா? தமிழில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். மாமா பணத்தைக் கொடுத்து, மெர்ஸி என்று நன்றியும் சொல்லி, என்னை வெளியே இழுத்துவந்தார்.

"கடைக்காரனுக்கு என்ன சொன்னாய்?"

"பால் நல்ல பால் எண்டு சொன்னன்."

"இல்ல. குரலைக் கேட்டே கண்டுபிடிக்கிறதுதான் என்ட தொழில். அந்தச் சொல்லை எனக்கும் சொல்லித் தா."

சொல்லிக்கொடுத்தேன். அதை அவர் ஹொக்கி மாட்ச் பார்க்கும்போது பயன்படுத்துவார், மிகச் சுத்தமான உச்சரிப்போடு.

இனி வழக்குக்கு வருகிறேன். என் மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் மாமாவின் சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார். சடங்கு அவர்களுடைய நீள்வீட்டில் நடந்தது. பெயருக்கேற்றபடி அது நீண்ட மரக்கூடம். ஒவ்வொரு குலத்துக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு. மாமா ஓநாய்க் குலம், அவர் தன் பக்கம் போய் உட்கார்ந்தார். என் கணவருக்கு அவருடைய தாயின் குலம், கரடி. அவர் அந்தப் பக்கம் போனார். எனக்குக் குலம் இல்லாததால் என் மகளுக்கும் இல்லை. நாங்கள் இருவரும் கதவருகே, வருகிற விருந்தினர் உட்காரும் வாங்கில் உட்கார்ந்தோம். யாரும் அவமதிக்கவில்லை. சூப் தந்தார்கள், கையைப் பிடித்தார்கள். ஆனால் அவள் வயதுப் பெண்கள் எல்லாரும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரிய, இவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

திரும்பும் வழியில் காரில் வெடித்தாள்.

"எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கு. எனக்கு மட்டும் கதவுப் பக்கம். அது என்ட அப்பப்பாட ஊர். நான் அங்க விசிற்றரா?"

நானும் அதே வேகத்தில் தமிழில் கத்திவிட்டேன். "ஆர் சொன்னது உனக்கு இல்ல எண்டு? உனக்குக் குடி இருக்கு புள்ள! என்ட அம்மாட குடி, அவட அம்மாட குடி. அதை ஒருத்தரும் உனக்குத் தரவும் ஏலா, உன்னட்ட இருந்து எடுக்கவும் ஏலா!"

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் மாமா. என்ன சொல்கிறாள் என்று மகனைக் கேட்டார். மகனுக்கும் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். மட்டக்களப்பில் எங்கள் ஆட்களுக்குக் குடி உண்டு, இவர்களுடைய குலம் மாதிரி. அது தாய் வழியாகத்தான் வரும், தகப்பனின் குடி பிள்ளைக்குச் சேராது. ஒரே குடி என்றால் சகோதரம். யாழ்ப்பாணத்துச் சிநேகிதிகளுக்கே இதை விளக்கி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். மொன்றியலில் யாரும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

பாலத்தில் ஏறுவதற்கு முன்பே மாமா காரை ஓரமாக நிறுத்தினார். விளக்கைச் சிமிட்ட விட்டுவிட்டு, பொலிஸ்காரர் திரும்புகிற மாதிரியே முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தாய் வழியா?"

"ஓம்."

"ஒரே குடிக்குள்ள கலியாணம்?"

"செய்யக் கூடாது."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "குலம் இருக்கிற பெண்ணைக் கட்டி இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்கிறாய். இதை விசாரிக்கேல்லையா நீ?"

"எனக்கு எப்படித் தெரியும் அப்பா?"

"அதுதான் உன்னைப் பொலிசில சேர விடேல்ல," என்றார். பிறகு கண்ணாடியில் என் மகளைப் பார்த்தார். "அழாதே. இந்த வழக்கை நான் எடுக்கிறன்."

வழக்கென்றால் சாட்சி வேண்டும். என் குடிக்குச் சாட்சி சொல்ல இந்த நாட்டில் இருந்த ஒரே ஆள் என் அம்மாவின் தம்பி, என் அம்மான். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கியே இடுப்பு ஒடிந்தவர், இப்போது புறநகர் புரோசார்டில் மகன் வீட்டில் இருக்கிறார். பொலிஸ்காரரைக் கூட்டி வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"என்ன கா, நான் ஒண்டும் செய்யல்லயே?"

போனபோது சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டு, வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேசையில் வட்டா இருந்தது. வெற்றிலை வைக்கிற காலுள்ள பித்தளைத் தட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பொலிஸோ யாரோ, வந்தவருக்கு முதலில் வட்டா வைக்க வேண்டும் என்பதை அம்மான் பயத்திலும் மறக்கவில்லை.

மாமாவும் வெறுங்கையோடு வரவில்லை. அவர்களுடைய வழக்கத்தில், பெரியவர் ஒருவரிடம் பெரிய விஷயம் ஒன்றைக் கேட்கப் போனால் முதலில் அவர் கையில் புகையிலையை வைக்க வேண்டும். வாங்கிக்கொண்டால் கேட்டதற்கு இசைந்தார் என்று அர்த்தம். அந்தப் புகையிலையைப் பிறகு நெருப்பில் இட்டு வேண்டிக்கொள்வார்கள். மாமா தன் கையால் வளர்த்துக் காயவைத்த புகையிலையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார்.

நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மான் முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆ! நல்ல சாமான்!" என்றார். ஒரு கிள்ளு கிள்ளி, வெற்றிலையில் வைத்து, பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மடித்து, வாயில் போட்டுச் சப்பத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. "அம்மான், அது சாமிக்குக் குடுக்கிறது!" என்றேன். அவர் கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார். துப்புவதா, விழுங்குவதா என்று தெரியவில்லை. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சற்று நேரம் அம்மானையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எத்தனை பேருக்குப் புகையிலை குடுத்திருப்பன். இவ்வளவு முழுசா ஏத்துக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான்!"

சிரித்து முடித்துத் தானும் ஒரு வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டார். வாய் சிவக்க இருந்துகொண்டு விசாரணை நடத்தினார். அம்மான் தன் தாயின் பெயரைச் சொன்னார், தாயின் தாயை, அவர் தாயை, அவருக்கும் முந்தியவரை. எல்லாம் பெண்கள். நான் கேள்விப்படாத பெயர்களும் அதில் வந்தன. அம்மான் ஒன்றுக்கும் தயங்கவில்லை. என் மகள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

பிறகு அம்மான் நிமிர்ந்தார். பயம் எப்போதோ போய்விட்டிருந்தது. "இவட கலியாணத்துக்கு முதல் தாய்மாமன் என்னட்ட ஆரும் கேக்கல்ல. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லு," என்றார். மொழிபெயர்த்தேன், வேறு வழியில்லை.

மாமா தலையசைத்தார். "சரிதான். எங்களுக்குள்ளயும் தாயின்ட சகோதரன் பெரிய ஆள். கேட்டிருக்க வேணும், கேக்கேல்ல. இப்பக் கேக்கிறன். என்ட மகனுக்கு உங்கட மருமகளைத் தருவிங்களா?"

பருவமான மகள் பக்கத்தில் இருக்க, என்னைப் பெண் கேட்டார்கள். அம்மான் அவசரப்படவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "உங்கட குடி என்ன?" என்று கேட்டார். மாமா தன் குலத்தையும் மகனின் குலத்தையும் சொன்னார். "வேற வேறதானே. அப்ப தடையில்ல. பொடியனும் பரவாயில்ல. தாறன்."

அவ்வளவு சந்தோஷத்தை என் உண்மையான கலியாணத்தன்று கூட நான் அனுபவிக்கவில்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்வது பொலிஸ்காரரின் வேலை இல்லை. அவர்களிடையே அது பெண்களின் வேலை. மாமாவின் அக்காதான் ஓநாய்க் குலத்தின் மூத்த பெண். சிரிப்பைச் செலவழிக்காத மனுஷி. மாமா எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லி, எங்கள் குடியையும் ஒரு குலமாக எண்ணலாமா என்று கேட்டார். "பெண்கள் இருந்து கதைக்க வேணும்," என்றார் அவர். கதைத்தார்கள். கோடை போனது, பனி வந்தது, கதைத்துக்கொண்டேயிருந்தார்கள். மாமா துளைத்தெடுத்தால், "பொலிஸ்காரனுக்கு எப்பவும் அவசரம், எங்களுக்கு இல்ல," என்பாராம். இடையிடையே அவர்களிடமிருந்து எனக்கு ஒரு கேள்வி வரும். உங்கள் நாட்டில் செத்த வீட்டில் யார் சமைப்பது? துக்கக்காரர் அடுப்பு மூட்ட மாட்டார்கள், மற்றவர்கள் சமைத்துக் கொண்டுவந்து சாப்பிட வைப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒரு பேச்சும் இல்லை.

அந்தக் குளிரில் மாமாவின் இருதயம் பழுதானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் தாதிமாரிடம் தாய் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பள்ளி விட்டு நேரே அங்கேதான் போவாள். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிய நாட்களில் மாமா போய்விட்டார். என்னைப் பெற்ற தகப்பன் போனபோது அழுத அளவுக்கு அழுதேன். கூடவே கோபமும் வந்தது. வழக்கை எடுத்துவிட்டு முடிக்காமல் போகலாமா?

அடக்கத்தன்று நீள்வீட்டில் என் மகள் யாரும் சொல்லாமலே கதவருகே போய் அந்த வாங்கில் உட்கார்ந்தாள். மூத்த பெண் தலை குனிந்தபடி இருந்தார், எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. என் கோபம் இன்னும் ஏறியது.

பத்தாம் நாள் அவர்கள் பெரிய விருந்து வைப்பார்கள். இறந்தவர் அன்றைக்குத்தான் முழுதாகப் புறப்படுகிறார். அவருடைய பொருட்களையும் அன்றைக்குத்தான் பகிர்ந்து கொடுப்பார்கள். செத்த எட்டாம் நாள் நாங்கள் கொடுக்கிற எட்டுச் செலவு மாதிரி என்று அம்மானுக்குச் சொன்னேன், நானும் வாறன் என்று புரோசார்டிலிருந்து வந்துவிட்டார். மகன் என்பதால் என் கணவரைத் துக்கக்காரரோடு உட்கார வைத்தார்கள். நாங்கள் மூவரும் கதவருகே அந்த வாங்குக்குப் போய் உட்காரப் பார்த்தோம்.

"அங்க என்ன செய்யிறிங்க?"

மூத்த பெண்ணின் குரல். இருந்த இடத்திலிருந்தே கைத்தடியை நீட்டி எங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். கூடம் முழுவதும் திரும்பியது.

"செத்தவன் ஓநாய். இண்டைக்கு அழுகிற பக்கம் நாங்கள். அழுகிற குலம் அடுப்புக்குப் போகாது, மற்றக் குலங்கள்தான் எங்களுக்குச் சமைச்சுத் தர வேணும். நீங்கள் ஓநாய் இல்ல. உங்களுக்கெண்டு தாய் வழியில ஒரு குலம் இருக்கு. அப்ப ஏன் சும்மா இருக்கிறிங்க? அடுப்படி அந்தப் பக்கம்."

அருகே போய், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்க வரும்.

"அவனுக்குச் சொன்னன். போறதுக்கு முதல் நாள். சிரிச்சான்," என்றார். "உங்களுக்குச் சொல்லுற இடம் ஆஸ்பத்திரி இல்ல. இது."

என் மகள் அதற்குள் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். பெண்கள் அவள் கையில் அகப்பையைக் கொடுத்தார்கள், பிறகு கோப்பைகளை, பிறகு ஒரு குழந்தையையும். அவள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக ஓடினாள், சூப் கொட்டினாள், திட்டு வாங்கினாள். மற்றப் பெண்களைத் திட்டுவது போலவே அவளையும் திட்டினார்கள். அதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது. நான் சோளச் சூப்பைக் கிண்டினேன். அம்மானை விறகுக்கு அனுப்பினார்கள். அவர் காற்சட்டைப் பையில் காரத்துக்கென்று கொச்சிக்காய்த்தூள் டப்பா ஒன்று வைத்திருந்தது எனக்குத் தெரியும் என்பதால், பானையைவிட்டு நான் அசையவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமாவின் பொருட்களைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். துக்கக்காரர் சார்பில் ஒருவர் எழுந்து நின்று, வேலை செய்தவர்களுக்கு நன்றி சொல்லி, குலம் குலமாகக் கூப்பிட்டார். கரடி என்றார். ஒருவர் போய் வாங்கினார். ஆமை என்றார். ஒருவர் போய் வாங்கினார். பிறகு மூத்த பெண்ணைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

அந்த மனிதர் மூச்சை இழுத்து எங்கள் குடியின் பெயரைச் சொன்னார். பாதியில் தடுக்கி நின்று, மறுபடி தொடங்கி, முழுதாக, உரக்கச் சொன்னார். மட்டக்களப்பில் எங்கள் அம்மன் கோயிலில் சடங்கு முடிகிற நாளில் மட்டும் அப்படிக் குடி குடியாகக் கூப்பிடுவார்கள். அங்கே கூப்பிட்டால் குடியின் ஆண் ஒருவர் எழுந்து போய் மரியாதையை வாங்குவார். பழக்கத்தில் அம்மான் எழும்பிவிட்டார். எழும்பியவர் சுற்றிப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார்.

"போ மகள்," என்றார். "உன்னத்தான் கூப்பிடுறாங்க."

அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அத்தனை குலங்களும் பார்த்திருக்க, நீள்வீட்டின் நடுவால் நடந்து போனாள்.